முன்சுவருக்கு டார்க் கிரே... மொட்டைமாடிக்கு? பனமரத்துப்பட்டியில் ஒரு பொங்கல் பட்ஜெட்!

"பொங்கலுக்கு இன்னும் மூணே வாரம்தான் இருக்குது மச்சான். நீங்களே சொல்லுங்க... லைட் கிரேவா, டார்க் கிரேவா?"

மாமா பையன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். இன்ஸ்டா ரீல்ஸில் ஒரு வீடு. கரும்சாம்பல் சுவர், நடுவில் மரக் கலரில் பட்டை பட்டையாக ஒரு பேனல், அதற்கு மேலே மஞ்சள் லைட். வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஏதோ குளிர் நாடு. வாசலில் ஸ்வெட்டர் போட்ட நாய்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது பனமரத்துப்பட்டியில். சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலை அடிவாரத்து ஊர். அரளியும் குண்டுமல்லியும் விளைகிற காடுகள், அதிகாலையில் சேலம் பூ மார்க்கெட்டுக்குப் பூ மூட்டை கட்டிக்கொண்டு ஓடும் டூவீலர்கள், சேலம் நகரத்தின் குடிநீருக்காக வெள்ளைக்காரர் காலத்தில் கட்டி இன்றைக்குச் சீமைக்கருவேலம் மண்டிப்போன பெரிய ஏரி. ஸ்வெட்டருக்கு இங்கே வேலை இல்லை.

மாமா வீடு, 90-களில் கட்டிய தார்சு வீடு. மேலே மாடி எடுக்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு உள்ளேயும் வெளியேயும் புதுசாக்கிவிடலாம் என்று முடிவு. பெயிண்டர் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டை வாங்கிப் பார்த்தேன். பட்டி, பிரைமர், உள்சுவருக்கு எமல்ஷன், முன்பக்கத்துக்கு மட்டும் விலை கூடின எக்ஸ்டீரியர், எலிவேஷன் பேனல், கேட்டுக்குக் கறுப்பு எனாமல். முழு நீளத் தாள். எல்லாம் இருந்தது. ஒன்றைத் தவிர.

அதைக் கேட்டது அம்மாயிதான். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சுவரு கெடக்கட்டும் சாமி. ராத்திரியானா மேல இருந்து அனலு எறங்குதே... அதுக்கு ஏதாச்சும் பெயிண்டு இருக்குதா?" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. பெயிண்டர் சிரித்துவிட்டு, "மேல அடிச்சா யாரு பாக்கப் போறாங்க?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில்தான் இந்தக் கட்டுரையே இருக்கிறது.

வெயில் எந்தப் பக்கம் இருந்து வருது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாமா வீட்டின் முகப்பு 25 அடி, உயரம் 11 அடி. அதாவது 275 சதுர அடி. கதவு, ஜன்னல் போனால் இருநூறு சொச்சம். வீட்டின் நீளம் 30 அடி. ஆக, மொட்டைமாடி 750 சதுர அடி. முகப்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

அதைவிட முக்கியமானது சூரியன் நிற்கும் இடம். பனமரத்துப்பட்டி இருப்பது ஏறக்குறைய பதினொன்றரை டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் வந்துவிடும். நிமிர்த்தி வைத்த குச்சிக்குக்கூட அந்த நேரத்தில் நிழல் விழாது. ஆகஸ்ட்டில் இன்னொரு தடவை இதே மாதிரி. சித்திரையிலும் வைகாசியிலும் உச்சி வெயிலை நேராக வாங்குவது சுவர் இல்லை, கூரை. கிழக்கு பார்த்த முகப்புக்குக் காலை வெயிலோடு வேலை முடிந்தது. மேற்குச் சுவர் சாயங்காலம் வாங்கும். கூரைக்கு மட்டும்தான் முழு நாள் டூட்டி.

பகல் முழுக்க வாங்கிய சூட்டைக் காங்கிரீட் உடனே கீழே விடாது. மெதுவாக உறிஞ்சும், மெதுவாக இறக்கும். அதனால்தான் மத்தியானத்தைவிட ராத்திரி பத்து மணிக்கு அந்த அறையில் படுக்க முடிவதில்லை. ஃபேன் சுற்றும், சுடு காற்றைத்தான் சுற்றிவிடும். அம்மாயி சொன்ன 'மேல இருந்து அனல்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் கலர் வேலை செய்கிறது. புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு, விழும் வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கறுத்துப்போன பழைய காங்கிரீட் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மீதி அத்தனையும் உள்ளே. நம்பிக்கை இல்லையென்றால் மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் மாடியில் ஒரு கால், வெள்ளை அடித்த இடத்தில் ஒரு கால் வைத்துப் பாருங்கள். அதிக நேரம் வேண்டாம்.

வீட்டுக்குள் எவ்வளவு குறையும்? 2 முதல் 5 டிகிரி வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கூரையின் கனம், காற்றோட்டம், ஜன்னல் எல்லாவற்றையும் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். ஏ.சி போட்ட மாதிரி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூக்கம் வரும் அறைக்கும் வராத அறைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்த இரண்டு மூன்று டிகிரிதான்.

அது வெறும் பண்டிகைப் பழக்கம் இல்லை

மார்கழி கடைசியில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் ஊரில் எப்போதும் உள்ளதுதான். சேலம், நாமக்கல் பக்கம் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவார்கள். அதற்கு முன்பே சுவரெல்லாம் வெள்ளையாகிவிட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ வாங்கி வந்து, தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றுவார்கள். அது கொதிக்கிற கொதியில் பிள்ளைகளைக் கிட்டே விட மாட்டார்கள். வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சியோ வஜ்ஜிரமோ, பளிச்சென்று தெரியக் கொஞ்சம் நீலம். மட்டையில் தொட்டு மேலும் கீழும் ஒரு இழுப்பு, பக்கவாட்டில் ஒரு இழுப்பு. அடியில் காவிப் பட்டை. முடிந்தது எலிவேஷன்!

ஏன் தை மாதத்துக்கு முன்னால்? வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும். பூச்சு கரையாது. வெயில் இன்னும் ஏறியிருக்காது. பூச்சு சட்டென்று காய்ந்து பொடியாக உதிராது, நின்று பிடிக்கும். சித்திரை வெயில் வரும்போது சுவர் அதன் முழு வெண்மையில் இருக்கும். வருஷத்தின் சரியான வாரத்தில் சரியான வேலை. நாம் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை மாற்றிவிட்டோம்.

அந்தக் காலமே பொற்காலம் என்று கம்பு சுற்ற வரவில்லை. அம்மாயி பிறந்த காட்டுக்கொட்டாயில் கூரை பனையோலை. குளுகுளுவென்று இருந்தது என்று அவரே சொல்வார். கூடவே, மழைக்கு எத்தனை இடத்தில் பாத்திரம் வைத்தார்கள், அடுப்புப் பொறி பறந்தால் எப்படிப் பயந்தார்கள் என்பதையும் சொல்வார். ஓலைக்குத் திரும்பிப் போக யாருக்கும் ஆசை இல்லை. போகவும் கூடாது.

2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024-ல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டமும் அதற்குத்தான். ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்காவது காங்கிரீட் கூரை. மழைக்கும் தீக்கும் பயப்படாத வீடு. ஆனால், ஓலைக்குக் கீழே படுத்துப் பழகிய உடம்பு திடீரென்று மெல்லிய காங்கிரீட்டுக்குக் கீழே வரும்போது, அந்தக் கூரையின் மேல்பக்கம் என்ன கலரில் இருக்கிறது என்பது அழகு விஷயம் இல்லை. வீட்டை ஒப்படைக்கும் முன் மேலே இரண்டு கோட் வெள்ளை அடித்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்கினால் என்ன செலவு கூடிவிடப்போகிறது? என் தனிப்பட்ட கருத்து, சுவருக்கு அடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அரசுக்கு இந்தப் பிரச்னை தெரியாமல் இல்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது தமிழ்நாடு. வெப்ப அலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, எந்த மாதிரி கட்டடங்களுக்கு அது கட்டாயம் என்று வரையறுத்துவிட்டது. 2010 கோடையில் அடிபட்ட அகமதாபாத், 2013-ல் வெப்பச் செயல்திட்டம் போட்டு, பிறகு குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்க இறங்கியது. நம் ஊரில் இந்தப் பேச்சு இன்னும் சிறு டவுன்களின் பெயிண்ட் கடை வரை வந்து சேரவில்லை. அங்கே வேறு ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

டப்பாவுக்குள்ளே ஒரு யுத்தம்

2024 பிப்ரவரியில் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கிராசிம், 'பிர்லா ஓபஸ்' என்ற பெயரில் பெயிண்ட் சந்தைக்குள் நுழைந்தது. முதலீடு 10,000 கோடி ரூபாய். ஆறு தொழிற்சாலைகள், அதில் ஒன்று நம் செய்யாறில். 2025 ஜூனில் ஜே.எஸ்.டபிள்யூ பெயின்ட்ஸ், டூலக்ஸ் பெயிண்ட்டை விற்கும் அக்ஸோ நோபல் இந்தியாவின் பெரும்பங்கை ஏறக்குறைய 9,000 கோடிக்கு வாங்குவதாக அறிவித்தது. அடுத்த மாதமே, சந்தையில் முதலிடத்தில் இருக்கும் ஏசியன் பெயின்ட்ஸ் தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று கிராசிம் கொடுத்த புகாரில், விசாரணை நடத்தச் சொன்னது இந்தியப் போட்டி ஆணையம்.

இவ்வளவு கோடிகளும் கடைசியில் எங்கே வந்து மோதுகின்றன? பனமரத்துப்பட்டி மாதிரி ஊர்களில். ஏனென்றால் இந்தியாவில் விற்கும் பெயிண்ட்டில் பெரும்பகுதி புது வீட்டுக்குப் போவதில்லை, பழைய வீட்டுக்கு மறுபடி அடிக்கப் போகிறது. உங்கள் வீட்டுச் சுவரை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றத் தோன்றுகிறது என்பதில்தான் அவர்கள் லாபமே இருக்கிறது. ரீல்ஸில் உங்களுக்கு ஏன் திடீர் திடீரென்று வீட்டு முகப்பாக வருகிறது என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று, டோக்கன். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வைப்பது இந்தத் தொழிலில் பல வருஷப் பழக்கம். இப்போது அது க்யூ.ஆர் கோடாகி, ஸ்கேன் செய்தால் நேராக போனுக்குப் பணம் வருகிறது. இதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். நிலையான சம்பளம் இல்லாத, சாரத்தில் தொங்கி வேலை பார்க்கிற மனிதருக்கு அது போனஸ் மாதிரி. ஆனால், எந்த டப்பாவில் டோக்கன் பெரிசோ அந்த டப்பாவைத்தான் அவர் 'சூப்பரா இருக்கும்ணா' என்பார் என்பதையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு மூட்டையில் யாரும் டோக்கன் வைப்பதில்லை!

வரிக் கணக்கும் சுவாரஸ்யம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜி.எஸ்.டி 28-ல் இருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. பெயிண்ட் 2018-லேயே 18-க்கு வந்துவிட்டது, இந்த முறை மாற்றமில்லை. சுண்ணாம்புக்கு 5 சதவிகிதம்தான். மொட்டைமாடிக்குத் தேவையான சுண்ணாம்பும் வெள்ளை சிமென்டும் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கின்றன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுரண்டும்போது கொஞ்சம் நில்லுங்க

அழகை விட்டுவிட்டு ஆபத்துக்கு வருவோம். மாமா வீட்டு ஜன்னல் கம்பிகளில் நாலைந்து அடுக்கு எனாமல் இருக்கிறது. கடைசி அடுக்கு பச்சை, அதற்கடியில் மஞ்சள், அதற்கும் அடியில் ஆரஞ்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கலர் கலராகத் தூசி பறக்கும். மாமா மகளின் ஒன்றரை வயதுக் குழந்தை அங்கேதான் தவழ்கிறது.

வீட்டு பெயிண்ட்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-மைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016-ல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக பளிச் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சையில் ஈயம் எக்கச்சக்கமாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. சுவரில் ஒட்டியிருக்கும் வரை அது சும்மா இருக்கும். சுரண்டினால்தான் தூசியாகித் தரையில் படியும். தரையிலிருந்து குழந்தையின் கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிப்பது வளரும் மூளையை.

அதனால் பழைய எனாமலைக் காய்ந்தபடி தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர் கடையில் கிடைக்கும். அந்த இரண்டு நாள் குழந்தையையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெயிண்டருக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். வருஷம் முழுக்க இந்தத் தூசியை இழுப்பவர் அவர்தான். புது எனாமல் வாங்கும்போது டப்பாவில் ஈய அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கவும்.

இன்னொரு இடத்திலும் பணம் வீணாகிறது. மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டிய பழைய ஓட்டு வீடுகளில் இதே பட்டி, எமல்ஷன் செட்டைப் போட்டால் இரண்டு மழைக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அந்தச் சுவர்கள் தரையின் ஈரத்தை இழுத்து மெல்ல வெளியே விடுகிற ரகம். மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு தோலைப் போட்டு மூடினால் ஈரம் எங்கே போகும்? ஓட்டு வீட்டுச் சுவருக்கு இன்றைக்கும் சுண்ணாம்புதான் சரி. அதில் கலர் பொடி கலந்து இளம் மஞ்சள், இளநீலம் எல்லாம் கொண்டுவரலாம். பெரிய நகரத்து கஃபேக்களில் இதையே 'லைம் வாஷ் ஃபினிஷ்' என்று சொல்லிச் சதுர அடிக் கணக்கில் காசு வாங்குகிறார்கள்.

ஒருவழியாக என்ன முடிவாச்சு?

மூன்று நாள் பஞ்சாயத்து. மாமா பையன் கிரேவை விட மறுத்தான். வயசு அப்படி, கல்யாணம் பேச வருகிறவர்கள் முதலில் பார்ப்பது முகப்பைத்தானே என்பது அவன் வாதம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வீட்டின் முகம் என்பது ஊரில் ஒரு மரியாதை. வாடாமல்லிக் கலரும் கிளிப்பச்சையும் அடித்த வீடுகளைப் பார்த்து மீம் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சொந்த வீட்டை ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் என்ன கேலி? தேர்தல் வருஷம் வேறு. காம்பவுண்டு சுவரைச் சும்மா விட்டால் ஏதாவது ஒரு கட்சி இலவசமாக வெள்ளையடித்து, தன் பெயரைப் போட்டு முன்பதிவு செய்துவிடும்!

எஸ்டிமேட் தாளைத் திருப்பிப் பின்பக்கம் புதிதாக எழுதினோம். முதலில் மொட்டைமாடி. தேய்த்துக் கழுவி, விரிசல்களை அடைத்து, சுண்ணாம்பும் வெள்ளை சிமென்டும் ஒட்டுப் பசையும் கலந்து மூன்று கோட். குளிர்கூரை பெயிண்ட் என்றே தனியாகவும் விற்கிறார்கள். அது பல வருஷம் தாங்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. கையில் காசு இருந்தால் அதுவே வசதி. சுண்ணாம்பு என்றால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். எதை அடித்தாலும் புழுதி படிந்தால் வெள்ளை தன் வேலையைச் செய்யாது. கோடைக்கு முன்னால் ஒருமுறை கழுவிவிட வேண்டும். மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மேற்குச் சுவர். அங்கே பேனல் வேண்டாம், ஒரு பந்தல் போதும். பீர்க்கனோ அவரையோ ஏறினால் சாயங்கால வெயில் இலையோடு நின்றுவிடும். 'நம்மூர் அரளியையே வரிசையாக வெச்சிடலாமே, பாக்க அம்சமா இருக்கும்' என்று அத்தை சொன்னார். அழகுதான். ஆனால், அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். தவழ்கிற குழந்தை உள்ள வீட்டில் அது காட்டோடு இருக்கட்டும்.

உள்ளே பெரிய செலவில்லை. பரணில் இருந்து இறக்கிப் போட்ட சாமானிலேயே ஒரு அறை கிடைத்தது. உள்சுவருக்கு இளம் கலர். அப்போதுதான் பகலில் லைட் போட வேண்டியதில்லை. ஏ.சி பற்றிய பேச்சும் வந்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரத்தை ஒட்டியே மாமா வீட்டு பில் வரும். ஏ.சி வந்தால் அந்தக் கணக்கே வேறு. இந்தக் கோடையை ஃபேனோடு பார்த்துவிட்டு முடிவு செய்வதாகத் தள்ளிவைத்தார்கள்.

முகப்புக்கு என்று கடைசியில் மிஞ்சிய பணத்தில் எலிவேஷன் பேனல் அடிபட்டுப்போனது. டார்க் கிரே மட்டும் தப்பித்தது, வாசல் நிலையைச் சுற்றி ஒன்றரை அடிப் பட்டையாக. மாமா பையன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

போன ஞாயிறு சுண்ணாம்பு நீற்றினார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை போட்டுத்தான். திங்கள் காலை வெயில் ஏறும் முன் முதல் கோட். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வீட்டுக்கு அடிக்காம மாடிக்கு அடிக்கிறீங்க?" என்றார். அம்மாயி படியேற முடியாது. கீழே திண்ணையில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார்: "வூட்டுக்குத்தாஞ்சாமி அடிக்கிறோம்!"